திரியாய்க் கல்வெட்டும் ஏலம்போன காலணியும்

2024 டிசம்பரில் அமெரிக்காவின் ஹெரிற்றேஜ் ஏல நிறுவனம் ஒரு சோடி சிவப்புக் காலணிகளை விற்றது. 1939இல் வெளிவந்த ‘விசார்ட் ஒஃப் ஓஸ்’ படத்துக்காக ஜூடி கார்லண்டின் காலுக்குச் செய்யப்பட்டவை அவை. ஏலத்தில் விழுந்த விலை 2 கோடி 80 இலட்சம் டொலர். நிறுவனத்தின் தரகும் சேர, வாங்கியவர் கட்ட வேண்டியிருந்தது 3 கோடி 25 இலட்சம். 2025 யூலையில் அதே நிறுவனம் ‘சிற்றிசன் கேன்’ படத்தில் வரும் மரச் சறுக்குப்பலகையை 1 கோடி 47 இலட்சத்து 50 ஆயிரம் டொலருக்கு விற்றது. காலணியில் இருப்பது துணி, தோல், சிவப்புச் சமிக்கி, கண்ணாடி மணி. பலகையில் இருப்பது பைன் மரமும் பூச்சும். இதே காலணிகளை 2005இல் மினசோட்டாவிலுள்ள ஒரு நூதனசாலையை உடைத்து எடுத்துப் போனவர், அவற்றில் பதித்திருப்பவை அசல் மாணிக்கங்கள் என்று நம்பியே திருடினார் என்பதும், வெறும் கண்ணாடி எனத் தெரிந்ததும் அவற்றைக் கைவிட்டார் என்பதும் பின்னர் வழக்கில் வெளிவந்தன. இவ்வளவு பெறுமதியும் பொருளுக்குள் எங்கோ இருக்க வேண்டும் என்று அவர் எண்ணினார். அது பொருளுக்குள் இல்லை. இன்ன படப்பிடிப்பில், இன்ன நடிகையின் காலில், கமராவின் முன்னால் இது இருந்தது என்ற ஒற்றைச் செய்திக்குத்தான் அத்தனை கோடியும். செய்தி பொய்த்தால் மிஞ்சுவது ஒரு பழைய செருப்பு. ஆகவே திரைப்படப் பொருள்களின் ஏலத்தில் முதலிற் கேட்க வேண்டியது, அந்தச் செய்திக்கு யார் சாட்சி, அந்தச் சாட்சிக்கும் விற்பனை இலாபத்துக்கும் தொடர்பு உண்டா என்பதையே. இன்றைய ஏலங்களிற் பெரும்பாலானவை இந்தக் கேள்விக்கு விடை சொல்லாமலே பணம் வாங்குகின்றன என்பது என் வாதம்.

இதன் கனம் விளங்க, திருகோணமலைக் கரையிலிருந்து கப்பலேறிய ஒரு பொருளை எடுத்துக்கொள்வோம். இலண்டனிலுள்ள பிரித்தானிய நூதனசாலையில் தாரா தேவியின் பொன்முலாம் பூசிய வெண்கலச் சிலை ஒன்று நிற்கிறது. 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது; ஏறக்குறைய ஆளுயரம். இலங்கையில் ஆளுநராக இருந்த றொபேட் பிரவுன்றிக் வழியாக 1830இல் அங்கு சேர்ந்தது. அது கிடைத்த இடத்தைப் பற்றி நூதனசாலைப் பதிவு சொல்வது திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடைப்பட்ட பகுதி என்பது மட்டுந்தான். இரண்டுக்கும் இடையே நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட கரை கிடக்கிறது. எந்த விகாரையின் இடிபாடு, யார் கையிலிருந்து யார் கைக்கு, விலைக்கா வலுக்கட்டாயத்திலா என்பதற்கெல்லாம் அந்தப் பதிவில் இடமில்லை. கைமாறிய வரலாறாக அதைப் பார்த்தால் முழுக்க ஓட்டை. ஆனாலும் சிலை அசல் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. உலோகமும் வார்ப்பு முறையும் இடையின் வளைவும் ஆடையின் மடிப்பும் தம் காலத்தைத் தாமே சொல்கின்றன. சிறீபுரந்தான் நடராசர் இதன் மறுபக்கத்தைக் காட்டுகிறார். அரியலூர் மாவட்டத்துக் கோயிலிலிருந்து திருடப்பட்ட அந்தச் செப்புத் திருமேனியை அவுஸ்திரேலியாவின் தேசிய ஓவியக்கூடம் 2008இல் 50 இலட்சம் அமெரிக்க டொலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. விற்றவர் நியூயோர்க்கில் கடை வைத்திருந்த சுபாஷ் கபூர். சிலை பல பத்தாண்டுகளுக்கு முன்பே இந்தியாவை விட்டுப் போய்விட்டது என்று காட்டும் கடுதாசிகள் கூடவே வந்தன. பாண்டிச்சேரியிலுள்ள பிரெஞ்சு நிறுவனம் 1994இல் எடுத்த புகைப்படமோ அதே திருமேனியைச் சிறீபுரந்தான் கோயிலுக்குள் காட்டியது. 2014இல் சிலை திரும்பி வந்தது. கடுதாசி பொய், திருமேனி மெய். தொல்பொருளில் இந்த இரண்டும் தனித்தனிக் காரியங்கள்; ஒன்று விழுந்தாலும் மற்றது நிற்கும். திரைப்பொருளில் இந்தப் பிரிவினைக்கே இடமில்லை. கைமாறிய வரலாறு விழுந்தால் அசல்தன்மையும் கூடவே விழுகிறது, ஏனென்றால் அங்கே அசல்தன்மை என்று வேறொன்று கிடையாது.

சாட்சியத்தின் எல்லையை அறிய, திருகோணமலைக்கு வடக்கே குச்சவெளிக்கு அப்பாலுள்ள திரியாயைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. ஊரவர் கந்தசாமி மலை என்று வழங்கிவந்த குன்றின் உச்சியில், வட்டமாக நிறுத்திய கற்றூண்களின் நடுவே ஒரு தாதுகோபம் இருக்கிறது. சிங்களத்தில் கிரிஹண்டு சேய. குன்றிலுள்ள பாறை ஒன்றில் 11 வரியில் ஒரு சமஸ்கிருதக் கல்வெட்டு. பல்லவ கிரந்தத்தை ஒட்டிய எழுத்து. காலம் 7 அல்லது 8ஆம் நூற்றாண்டு. அந்தச் சேதியத்தைத் திரபுஸ்ஸகர், வல்லிகர் என்னும் வணிகர்களோடு அது தொடர்புபடுத்துகிறது. புத்தர் ஞானம் பெற்றதும் முதன்முதலில் உணவளித்து, அவருடைய கேசத்தைப் பெற்றுச் சென்ற வணிகர் இருவராகப் பௌத்த மரபு சொல்பவர்களின் பெயர்கள் இவை. அதே இரு வணிகரும் அதே கேசமும் பர்மாவின் யாங்கோன் நகரத்து ஷ்வேடகோன் தாதுகோபத்தின் தல வரலாற்றிலும் வருகிறார்கள். ஒரே தாதுவுக்கு வங்காள விரிகுடாவின் இரு கரையிலும் உரிமைக்குரல். திரியாய்க் கல்வெட்டைக் கையில் எடுக்கும் ஒழுங்கான கல்வெட்டாய்வாளர் இந்த வழக்கிற் தீர்ப்புச் சொல்ல மாட்டார். புத்தரின் காலத்துக்கும் கல்வெட்டின் காலத்துக்கும் இடையே ஆயிரம் ஆண்டுக்கு மேல் இடைவெளி. 7, 8ஆம் நூற்றாண்டில் இந்தக் குன்றில் வழிபட்டோர் தம் சேதியத்தை அந்த வணிகர்களோடு சேர்த்து எண்ணினார்கள் என்பதுவரை கல்வெட்டு உறுதி. அதற்கு அப்பால் ஒரு வரிகூட இல்லை. ஏல நிறுவனம் தரும் அசற்சான்றிதழையும் இப்படித்தான் வாசிக்க வேண்டும். 2015இல் அச்சிட்ட சான்றிதழ், 1968இல் நடந்ததற்குச் சாட்சியல்ல. 2015இல் ஒருவர் அப்படிச் சொன்னார் என்பதற்கே சாட்சி. திரியாய்க் கல்வெட்டுக்காவது ஒரு பலம் உண்டு: பாறை இடம் பெயராது, அதை வெட்டியவர் அதை விற்க எண்ணவில்லை. சான்றை வாசிப்பவரும் அதன் பலனை அனுபவிப்பவரும் ஒரே தரப்பாகிவிட்டால் என்ன நேரும் என்பது இந்தப் பக்கத்து மக்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபுரிமைக்கென 2020 யூனில் அமைக்கப்பட்ட ஜனாதிபதி செயலணியில் தொடக்கத்தில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இல்லாதது எழுப்பிய எதிர்ப்பின் அடியில் இருந்ததும் இதே நியாயம்தான். அங்கே பணயம் காணி, இங்கே பணம். சாட்சி விதி ஒன்றே.

இதே மாவட்டத்துக் கடலில் சினிமா நேரடியாகவே குறுக்கிடுகிறது. 1956இல் எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கும் படப்பிடிப்பாளர் மைக் வில்சனும் கோணேசர் மலையின் அடியிற் சுழியோடி, 1620களிற் போர்த்துக்கேயர் இடித்துக் கடலிற் தள்ளிய கோயிலின் செதுக்கு வேலைக் கற்களைக் கண்டார்கள். கிளார்க் அதை மறு ஆண்டே புத்தகமாக எழுதினார். 1961இல் தென்கரைக்கு அப்பால் பெரிய பாஸ் கற்பாரின் அருகே வில்சனும் உடன் சென்ற இளைஞர் இருவரும் மூழ்கிய கப்பலொன்றின் வெள்ளி நாணயங்களைக் கண்டெடுத்தார்கள். 1962இல் வில்சன் இயக்கிய ‘ரன்முத்து தூவ’ வெளிவந்தது. நீரடிக் காட்சிகளைத் திருகோணமலைக் கடலில் எடுத்த புதையல் கதை. முழுநீள வண்ணத்தில் வந்த முதற் சிங்களப் படம். ஒரே கூட்டத்தார், ஆறு ஆண்டுக்குள், மூன்று வகைப் பொருள்களைக் கையாண்டார்கள். கோயிற் கல் தன் வடிவத்தாற் பேசும். திருகோணமலைக் கோட்டை வாசலில், இருந்த இடம் விட்டு வேறிடத்தில் நட்ட தூணிற்கூட இரட்டைக் கயல் இன்றும் தெரிகிறது. அது எங்கிருந்து வந்தது என்று அதைக் கேட்டாலே போதும். நாணயம் எழுத்தாற் பேசும். ஔரங்கசீப்பின் பெயர், சூரத் அக்கசாலை, ஹிஜ்ரி 1113, அதாவது 1702ஐ ஒட்டிய காலம். எல்லாம் ஒரே ஆண்டு, தேயாத அச்சு, பைபையாகக் கட்டியபடியே இறுகிப்போன கட்டிகள். கப்பலின் பெயர் தெரியாவிட்டாலும் சரக்கு தன்னைத்தானே நிரூபித்துவிடுகிறது. இனி, அந்தப் படத்துக்காகச் செய்த புதையற்பெட்டி ஒன்று நாளை ஏலத்துக்கு வருவதாக வைத்துக்கொள்வோம். அதில் துரு இருந்தால் துருவைப் பூசியது கலைப் பிரிவு. விரிசல் இருந்தால் அதை வெட்டியவர் தச்சர். பழமையின் ஒவ்வோர் அடையாளமும் பார்ப்பவரை ஏமாற்றவென்றே ஏற்றப்பட்டது; அதுதான் அந்தப் பெட்டியின் தொழிலே. சிலையையும் நாணயத்தையும் சோதிக்கக் கற்ற கண் இங்கே பயன்படாது. தேய்மானத்தைப் பார்த்து வயது சொல்ல முடியாது, வேலைப்பாட்டைப் பார்த்து இடம் சொல்ல முடியாது.

இன்னொரு சிக்கல் எண்ணிக்கை. முக்கியமான பொருள் எதையும் படப்பிடிப்பில் ஒன்றே ஒன்றாகச் செய்வதில்லை. கிட்டக் காட்சிக்கு ஒன்று, சண்டைக்கு ரப்பரில் ஒன்று, உடைவதற்கு இரண்டு மூன்று, பின்னால் நிற்கும் கூட்டத்துக்கு இலேசாகச் செய்த பத்துப் பதினைந்து. நம் மொழியில் அட்டைக்கத்தி என்ற சொல் வசவாகிவிட்டாலும், கோடம்பாக்கத்தில் அது மதிப்போடு செய்த கைத்தொழில். சென்னையில் ப்ராப்பர்ட்டி வாடகைக்கு விடும் கடைகளில் ஒரே சிம்மாசனம் புராணப் படத்துக்குப் பொன்வண்ணத்திலும் அடுத்த மாதம் சரித்திரப் படத்துக்கு வெள்ளியிலும் போகும். வாள் உறை மாறும், கேடயத்தின் சின்னம் மாறும். வாடகைக் கணக்கில் இருப்பது பொருளின் பெயரும் நாளும் தொகையும். எந்தக் காட்சியில் எந்தக் கேடயம் என்பது அதில் இராது. அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் நிலைமை பெரிதாக வேறில்லை. ‘ஸ்டார் வோர்ஸ்’ படத்தின் வெள்ளைத் தலைக்கவசங்களை 1976இற் பிளாஸ்ரிக்கில் வார்த்துக் கொடுத்த அன்ட்ரூ எய்ன்ஸ்வேர்த், 2004இலிருந்து அதே வகைக் கவசங்களைச் செய்து விற்றார். லூக்காஸ் நிறுவனம் வழக்குப் போட்டது. 2011இல் பிரித்தானிய உச்ச நீதிமன்றம், அந்தக் கவசம் காப்புரிமைச் சட்டம் சொல்லும் சிற்பம் ஆகாது என்று அவர் பக்கம் தீர்ப்பளித்தது. சட்டப் பிரச்சினை ஒருபுறம் இருக்க, சேகரிப்பவர் கவனிக்க வேண்டியது வேறு. செய்த கை ஒன்று, முறை ஒன்று, வடிவம் ஒன்று. 1976இல் வார்த்த இரண்டு கவசங்களில் ஒன்று கமராவின் முன் நின்றது, மற்றது பெட்டியிலேயே கிடந்தது என்றால் எந்த ஆய்வுகூடமும் வேறுபாடு காணாது. விலையோ பல மடங்கு வேறுபடும்.

இதற்கு ஏல நிறுவனங்கள் சொல்லும் விடை, ஃபிரேமோடு ஒப்பிடுதல். படத்தை ஃபிரேம் ஃபிரேமாக நிறுத்தி, கீறலையும் பூச்சு வழிந்த தடத்தையும் தையல் கோணலையும் கையிலுள்ள பொருளோடு ஒத்துப் பார்ப்பது. இது வீண் வேலையல்ல. மரத்தின் நரம்போட்டம், தோலின் சுருக்கம், கையாற் போட்ட தையலின் ஒழுங்கின்மை போன்றவை ஒத்துவந்தால் அது வலுவான சான்று. யாரும் திட்டமிட்டு அவற்றை ஆக்க முடியாது. ஆனால் இதில் ஓர் அடிப்படைக் குறை இருக்கிறது. ஒப்பிடப் பயன்படும் ஃபிரேம் உலகத்தார் எல்லோர் கையிலும் இருக்கிறது. ஒரு கீறலைப் பார்த்துச் சரிபார்க்க முடிந்தவருக்கு அதே கீறலைப் போடவும் முடியும். துல்லியமான பிரதிகள் வெளிவர வெளிவரச் சரிபார்ப்பவருக்குக் கிடைக்கும் உதவி அத்தனையும் போலி செய்பவருக்கும் கிடைக்கிறது. வார்த்த பிளாஸ்ரிக்கிலும் உலோகத்திலும், திரும்பத் திரும்பப் பூசிய மரத்திலும் இந்த ஆபத்து மிக அதிகம். கீறல் சாட்சியாக வேண்டுமானால், அது அந்தப் பொருளில் இருந்தது என்று யாரேனும், அதற்கு விலை ஏறுமுன், திகதியோடு பதிந்திருக்க வேண்டும்.

‘மோல்ரீஸ் ஃபல்கன்’ (1941) படத்தின் கரும்பறவை இதற்கு நல்ல பாடம். நடிகர் வில்லியம் கொன்றாட்டுக்கு, வோர்னர் நிறுவனத்தின் தலைவர் ஜாக் வோர்னரே பரிசாகக் கொடுத்த ஈயப் பறவை 1994இற் கிறிஸ்ரீஸ் ஏலத்தில் 3 இலட்சத்து 98 ஆயிரத்து 500 டொலருக்குப் போனது. ஸ்ரூடியோத் தலைவரின் கையிலிருந்து வந்தது என்பதைவிட நல்ல உடைமை வரலாறு யாருக்குக் கிடைக்கும்! 2013இற் பொன்ஹாம்ஸ் நிறுவனம் இன்னோர் ஈயப் பறவையை 40 இலட்சம் டொலருக்கு மேல் விற்றது. அதன் வாற்சிறகு வளைந்திருந்தது. திரையில் தோன்றியது என்று உறுதியான ஒரே பறவை இதுதான் என்பது விற்பனையின் வாதம். இரண்டு வாதமும் தனித்தனியே பார்த்தால் நேர்மையானவைதான். இரண்டையும் பக்கத்திற் பக்கத்தில் வைத்தால், 1994இல் வாங்கியவர் எதற்காகப் பணம் கொடுத்தார் என்ற கேள்வி எழுகிறது. அவருடைய பறவையில் எதுவும் மாறவில்லை. 19 ஆண்டு கழித்து வேறொருவரின் விற்பனைப் பட்டியல் அதன் தகுதியைக் குறைத்துவிட்டது. தாரா சிலைக்கு இப்படியொரு இறக்கம் நேர வழியே இல்லை.

சிவப்புக் காலணிகளின் கதை எதிர்த்திசையிலிருந்து இதையே உறுதிப்படுத்துகிறது. 2018இல் அவற்றை மீட்ட அமெரிக்கப் புலனாய்வுத் துறை, தன்னிடம் இன்னொரு சோடி வைத்திருந்த ஸ்மித்சோனியன் நூதனசாலையிடம் கொண்டுபோய்க் கொடுத்தது. ஸ்மித்சோனியன் சோடி 1979 முதல் அங்கேயே இருக்கிறது. அதன் இடது காலும் வலது காலும் சரியான இணையல்ல. மீட்ட சோடியும் அப்படியே. நான்கையும் வரிசையாக வைத்துப் பார்த்தபோது, எந்தக் காலத்திலோ இரண்டு சோடிகளும் கால் மாறிக் கலந்துபோனது தெரியவந்தது. ஒன்றின் குறையை மற்றது நிரப்பியது. இது ஏன் நல்ல சான்று? திரையைப் பார்த்து யாரும் இதைப் போலியாக்கியிருக்க முடியாது. ஒப்பிட்ட மறு பொருள், விற்பனைக்கு வராத ஒரு பொது நிறுவனத்தில் நாற்பது ஆண்டாகப் பூட்டியிருந்தது. சோதித்த நிபுணர்களுக்கு ஏலத்திற் பங்கில்லை. இந்த மூன்றும் ஒன்றாக வாய்த்ததனால்தான் அந்த விலையில் ஒரு நியாயம் இருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறேன். ‘சிற்றிசன் கேன்’ பலகைக்கு வாய்த்தது இதிற் பாதி. அதை இயக்குநர் ஜோ டான்ரே 1984இற் பழைய ஸ்ரூடியோ வளாகத்தில் ஒரு படப்பிடிப்பின்போது பெற்றார். பின்னர் தம் படங்கள் சிலவற்றிலேயே அதைப் பின்னணியில் வைத்தார். 1984க்குப் பிந்திய காலத்துக்கு இதைவிட வலுவான, திகதியிட்ட சாட்சி வேறில்லை. 1941க்கும் 1984க்கும் இடைப்பட்ட 43 ஆண்டுக்கு அந்தச் சாட்சி எதுவும் சொல்ல முடியாது. அங்கே மரத்தையும் பூச்சையும் சோதித்த முடிவும், கிடைத்த இடம் தரும் ஊகமுமே மிச்சம்.

நம் பக்கத்தில் ஃபிரேமோடு ஒப்பிடலாம் என்ற பேச்சுக்கே பல வேளை இடமில்லை. நடராஜ முதலியாரின் ‘கீசக வதம்’ படத்துக்கு இன்று பிரதி இல்லை. முதற் தமிழ்ப் பேசும்படமான ‘காளிதாஸ்’ (1931) இல்லை. இலங்கையில் இழப்புக்கு நெருப்பே நேர்க் காரணம். 1983 யூலையில் கே. குணரத்தினத்தின் ஹெந்தளை விஜயா ஸ்ரூடியோ எரிக்கப்பட்டபோது, அவர் தயாரித்த படங்களின் மூலச்சுருள்களும் சாம்பலாயின. அந்த ஸ்ரூடியோவிலிருந்து தப்பியதென்று ஒரு கமராவோ ஒரு கிரீடமோ நாளை வந்தால், அதை நிறுத்தி வைத்துப் பார்க்கப் படமே இராது. சட்டமும் இங்கே துணைக்கு வராது. இந்தியாவின் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருட் சட்டம் பொருளுக்கு நூறு வயது கேட்கிறது. இலங்கையின் 1940ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2க்கு முற்பட்டதையே தொல்பொருள் என்று வரையறுத்தது. ‘ரன்முத்து தூவ’வுக்காகச் செய்த எதையும் பதிய எந்தத் திணைக்களத்துக்கும் கடமையில்லை.

இந்த வாதத்துக்கு எதிராகச் சொல்லக்கூடியவற்றில் மிக வலுவானது ஒன்று உண்டு. நேர்மையான திரைப்பொருளுக்குத்தான் பெரும்பாலும் கடுதாசி இராது. கிளார்க்கும் ஸ்ரான்லி குப்ரிக்கும் சேர்ந்து எழுதிய ‘2001’ படத்தின் (1968) மாதிரிகளையும் செற்றுகளையும் வேறு படத்துக்குப் பயன்படாதபடி அழித்துவிடக் குப்ரிக் விரும்பினார் என்பது பரவலாகத் தெரிந்தது. நிலவுக்குப் போகும் ஏரீஸ் கலத்தின் மாதிரி எப்படியோ தப்பி, இங்கிலாந்தில் ஓர் ஓவிய ஆசிரியரிடம் 1970களிற் போய்ச் சேர்ந்து, 2015இல் 3 இலட்சத்து 44 ஆயிரம் டொலருக்கு ஒஸ்கார் விருது வழங்கும் அக்கடமியால் வாங்கப்பட்டது. ஓஸ் காலணிகளையும் 1970இல் எம்ஜிஎம் ஏலத்துக்காகப் பழைய கிடங்கைக் கிளறிய உடைப் பிரிவு ஊழியர் கென்ட் வோர்னர்தான் கண்டெடுத்தார். ஒன்றை நிறுவனத்திடம் கொடுத்து, மற்றவற்றைத் தம்மோடு வைத்துக்கொண்டார். குப்பையிலிருந்தும் பின்வாசலாலும் வெளியேறிய பொருளுக்கு எந்த ஸ்ரூடியோ பற்றுச்சீட்டு எழுதித் தரும்? கடுமையான சான்று கேட்டால் மெய்யான பொருள்கள் விலக்கப்பட்டு, அழகாகக் கடுதாசி செய்யத் தெரிந்த போலிகள் உள்ளே வந்துவிடும் என்பது இந்த மறுப்பின் முனை. மறுப்பு சரி, அதிலிருந்து எடுக்கும் முடிவு சரியல்ல. கடுதாசி இல்லாத பொருளை விற்கக்கூடாது என்று நான் சொல்லவில்லை. எவ்வளவு தெரியுமோ அவ்வளவை மட்டும் சொல்லி விற்க வேண்டும். இந்தப் படத்துக்காகச் செய்யப்பட்டது என்பது ஒரு கூற்று. படப்பிடிப்புத் தளத்தில் இருந்தது என்பது இரண்டாவது. திரையிற் தெரிவது இதே பொருள் என்பது மூன்றாவது. நடிகர் தொட்டது, அணிந்தது என்பது நான்காவது. ஒவ்வொன்றுக்கும் தேவையான சான்று வேறு, விலையும் வேறாக இருக்க வேண்டும். முதற் கூற்றுக்கு மட்டும் சான்று வைத்துக்கொண்டு நான்காவதன் விலையை வாங்குவதே இந்த வணிகத்தின் நோய்.

வாங்கியவருக்குப் பாதுகாப்பு உண்டு, போலியென்று தெரிந்தாற் பணம் திரும்பும், பெயர் கெடும் என்ற பயமே நிறுவனங்களை நேர்வழியில் வைக்கும் என்பார்கள். பெரிய நிறுவனங்களின் பெயர் சும்மா வந்ததல்ல. அவற்றின் நிபுணர்கள் பலர் உண்மையாகவே உழைப்பவர்கள். ஆனால் நிபந்தனைகளை வாசித்துப் பார்க்க வேண்டும். கிறிஸ்ரீஸ் தரும் அசல் உத்தரவாதம் ஐந்து ஆண்டுக்கு. அது பட்டியலின் தலைப்பு வரியிற் பெரிய எழுத்தில் அச்சிட்டதற்கு மட்டுமே பொருந்தும். கீழே வரும் விவரணைக்குப் பொருந்தாது. ஓவியத்துக்கு இது போதும், ஏனென்றால் தலைப்பு வரியில் இருப்பது ஓவியரின் பெயர். திரைப்பொருளிற் பணம் போவதே கீழே உள்ள விவரணைக்குத்தான்: எந்தக் காட்சி, யார் கை, எப்படித் தப்பியது. உத்தரவாதம் எங்கே முடிகிறதோ அங்கேயே பெறுமதி தொடங்குகிறது. தவிரவும் போலி என்று நிரூபிக்க வேண்டிய பாரம் வாங்கியவர் தலையில். தானே சாட்சி சொல்லாத ஒரு பொருளைப் போலியென்று நிரூபிப்பது, அதை அசல் என்று நிரூபிப்பதைப் போலவே அரிது. போலிகள் அதிகம் அகப்படவில்லையே என்று ஆறுதல் சொல்வோர் இதைக் கணக்கில் எடுப்பதில்லை.

வாங்குபவர் நம்பினாற் போதும், பிறருக்கு என்ன என்ற மறுப்பும் கேட்கிறது. கோயிலை இதற்கு உதாரணமாகக் காட்டுவார்கள். கோணேசர் மலையடிக் கடலிலிருந்து வில்சன் ஒரு லிங்கத்தை மீட்டதாக இன்றும் சொல்லப்படுகிறது. 1963இற் புதுக்கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது. அங்கே கும்பிடப் போகிறவர் உடைமை வரலாறு கேட்பதில்லை, கேட்க வேண்டியதுமில்லை. ஷ்வேடகோனிலும் கந்தசாமி மலையிலும் பூ வைப்பவர்கள் ஒருவரையொருவர் பொய்யர் என்பதில்லை. காரணம், பிரதிஷ்டை செய்த திருவுருவத்தின் மகிமை அதன் பழைய பயணத்தில் தங்கியிருப்பதில்லை; மந்திரத்திலும் வழிபாட்டிலும் தங்கியிருக்கிறது. அதை யாரும் மறு ஏலத்துக்குக் கொண்டுபோவதுமில்லை. ஏலத்தில் விற்பது வரலாற்றுக் கூற்று. ரசிகரின் பக்தி உண்மையானது. அதை நான் குறைத்துப் பேசவில்லை. அந்தப் பக்தியைக் காரணங்காட்டி விற்பவர் தம் கூற்றுக்குச் சான்று தராமல் தப்பக்கூடாது என்பதே என் கட்சி. ஒருவர் அறியாது வாங்கிய பொய், அவருடைய பிள்ளை அதை விற்கும்போது இரண்டாவது உடைமையாளரின் சான்றோடு வரும். மூன்றாவது கைக்குப் போகும்போது அது வரலாறாகவே ஆகிவிடும்.

செய்யக்கூடியது என்ன? விற்பனைப் பட்டியலில் ஒவ்வொரு கைமாற்றமும், அதற்கு உள்ள சான்றும், சான்று இல்லாத ஆண்டுகளும் வெளிப்படையாக அச்சிடப்பட வேண்டும். சோதித்தவர் யார், அவருக்கு விற்பனையிற் பங்குண்டா என்பதும் கூடவே வர வேண்டும். நான்கு வகைக் கூற்றுகளில் எதற்கு உத்தரவாதம் என்பது தலைப்பு வரியிலேயே இருக்க வேண்டும். ஆனால் இவையெல்லாம் பொருள் சந்தைக்கு வந்த பின் எடுக்கும் காப்பு. சான்று பிறக்க வேண்டிய இடம் படப்பிடிப்புத் தளம். சிறீபுரந்தான் வழக்கைத் தீர்த்த 1994ஆம் ஆண்டுப் படம் திருடரைப் பிடிக்க எடுத்ததல்ல. கோயிற் படிமங்களை ஆராய எடுத்தது. அதனால்தான் அதன் சொல் எடுபட்டது. சினிமாவில் அதற்கு இணையான படங்கள் ஏற்கெனவே உள்ளன. ஒவ்வொரு ஷொட்டும் முடிந்ததும் கன்டினியூட்டிக்காக உதவி இயக்குநர் எடுக்கும் படங்களில், எந்தக் கையில் எந்த மோதிரம், மேசையில் எந்தக் கிண்ணம் என்பதெல்லாம் திகதியோடு பதிவாகின்றன. படம் முடிந்ததும் அவை தொலைகின்றன. சென்னையில் ஏவிஎம் நிறுவனம் 2023இல் வடபழனியில் திறந்த நூதனசாலையில் உள்ள பழைய படப்பிடிப்புக் கருவிகளுக்கு நம்பகம் வருவது, பயன்படுத்தியவரும் வைத்திருந்தவரும் ஒருவரே என்பதால். எல்லாத் தயாரிப்பாளர்களாலும் கட்டடம் கட்ட முடியாது. கன்டினியூட்டிப் படங்களையும் ப்ராப்பர்ட்டி வாடகைப் பட்டியலையும் ஒரு பிரதி எடுத்துக் கொடுக்க எல்லோராலும் முடியும். பெற்று வைக்கத் தகுதியான இடங்களும் இருக்கின்றன: சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், இலங்கைத் தமிழ் ஆவணங்களுக்கு நூலகம் நிறுவனம். இரண்டும் எதையும் ஏலம் விடுவதில்லை. கொடுத்த நாளைப் பதிந்து, பின்னர் தயாரிப்பாளர் உட்பட எவரும் மாற்ற முடியாதபடி பூட்டி வைத்து, கேட்கும் எவருக்கும் காட்டுவது என்ற மூன்று நிபந்தனையோடு அடுத்த படத்திலிருந்தே இதைத் தொடங்கலாம்.